கையில் ஒன்பது தீக்குச்சி

கேள்வி: கல்லூரி முடித்த என் மகன், "பாறையேறுவதும் அதைச் சொல்லிக்கொடுப்பதும்தான் இனி என் வேலை" என்கிறான். காட்டில் உயிர்பிழைக்கும் வித்தையை ஆயுள் முழுக்கப் பாடமாக நடத்த முடியுமா? அதில் அப்படி என்னதான் இருக்கிறது?
— ஒரு வாசகி

பதில்: முடியும் அம்மா. அமெரிக்கரான பால் பெட்சோல்ட் அப்படித்தான் வாழ்ந்தார். 1924இல், 16 வயதில், நண்பனோடு வயோமிங்கில் உள்ள 4,199 மீட்டர் உயர கிராண்ட் டீட்டன் சிகரத்துக்குக் கிளம்பினார். காலில் மாட்டுப் பண்ணைக்காரர்களின் பூட்ஸ், உடம்பில் பருத்தி உடை. முதல் முயற்சியில் இரவெல்லாம் குளிரில் விறைத்துத் திரும்பினார்கள். மறுபடி போய் உச்சியைத் தொட்டார்கள். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு காக்கும். பின்னாளில் தன் மாணவர்களைக் கம்பளிதான் உடுத்தச் சொன்னார்.

1938இல் கே2 மலையில், சக மலையேறி சார்லஸ் ஹூஸ்டனும் அவரும் கடைசி முகாமை அடைந்த பிறகுதான் தீப்பெட்டியைக் கீழேயே விட்டுவந்தது தெரிந்தது. சட்டைப்பைகளைத் துழாவியதில் அகப்பட்டவை ஒன்பது குச்சிகள். அவற்றிலும் சில பற்றவில்லை. அங்கே அடுப்பு எரியாவிட்டால் பனியை உருக்க வழியில்லை, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மறுநாள் சுமார் 7,900 மீட்டர் வரை ஏறிப் பார்த்துவிட்டு, உச்சி எட்டாமலே இறங்கினார்கள். கையில் என்ன மிச்சம், எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்ற இந்தக் கணக்குதான் அந்த வித்தையின் உயிர் என்று நான் நினைக்கிறேன். முடிச்சுப் போடுவதை ஒரே மதியத்தில் பழகிவிடலாம். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது திரும்பத் துணிவதற்கு வருடக்கணக்கில் பழக வேண்டும்.

கொலராடோவின் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியில் வேலை பார்த்தபோது, பிள்ளைகளை அழைத்துச்செல்லத் தேர்ந்த ஆசிரியர்கள் போதவில்லை என்று பெட்சோல்ட் கண்டார். அவர்களை உருவாக்கவே 1965இல் நேஷனல் அவுட்டோர் லீடர்ஷிப் ஸ்கூலைத் தொடங்கினார். 1999இல், 91 வயதில் மறைந்தார்.

அதே 1965இல்தான் நம் நாட்டில் உத்தரகாசியின் நேரு மலையேற்றக் கழகமும் பிறந்தது. மகனை அங்கே அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அதில் 'ஏ' தரம் வாங்கினால்தான் மேற்பயிற்சி. அதற்கும் மேலே, கற்பிக்கும் முறைக்கென்றே தனிப் பயிற்சி இருக்கிறது. அதை முடிக்கும்வரை அடுத்தவர் பிள்ளைகளைப் பாறைக்கு அழைத்துப்போக வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.