பாஸ்போர்ட்டை மேலாளர் பூட்டி வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு மாடியை மலப்புரத்தைச் சேர்ந்த ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) கால்பந்துக் குழுவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆப்பிரிக்க வீரர்கள் மூன்று பேர் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் கானா நாட்டுத் தம்பி ஒருவருக்கு முழங்காலில் அடிபட்டு ஆட முடியவில்லை. மூன்று மாதச் சம்பளம் பாக்கி. “ஆடாவிட்டால் பணம் இல்லை என்று எழுதித்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்” என்கிறார் குழு மேலாளர். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. விசா அடுத்த மாதம் முடிகிறதாம். ஃபிஃபாவுக்கு எழுதினால் பலன் உண்டா? எனக்கு ஏதாவது சிக்கல் வருமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கூடலூர்.

பதில்: சம்பளத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் பாஸ்போர்ட் கைக்கு வரவேண்டும். அது வீரருடைய சொத்துகூட அல்ல. அதை வழங்கிய கானா அரசின் சொத்து. நம் நாட்டில் காவல்துறை ஒரு பாஸ்போர்ட்டைக் கைப்பற்றினாலும் அதை முடக்கி வைத்துக்கொள்ள முடியாது, அந்த அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கே உண்டு என்று சுரேஷ் நந்தா வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காவல்துறைக்கே இல்லாத உரிமை கால்பந்துக் குழு மேலாளருக்கு எங்கிருந்து வரும்? “பாஸ்போர்ட் நிர்வாகத்திடம் இருக்கும்” என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது செல்லாது. மூன்று நாள் கெடு வைத்து வழக்கறிஞர் நோட்டீஸ் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தர மறுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் வரும். டெல்லியில் உள்ள கானா தூதரகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். என் அனுபவத்தில், தூதரகம் என்ற சொல் நோட்டீஸில் இருந்தாலே பல பாஸ்போர்ட்டுகள் அன்று மாலையே வந்து சேர்ந்துவிடும்.

அடுத்தது விசா. அவர் எந்த விசாவில் வந்தார் என்பதை நீங்கள் எழுதவில்லை. குழுவோடு ஒப்பந்தம் போட்டுப் பணத்துக்கு ஆட வருபவருக்கு வேலைவாய்ப்பு விசாவோ தொழில் விசாவோ இருக்கவேண்டும். சுற்றுலா விசாவில் வந்து ஆடினால் விசா நிபந்தனையை மீறிய குற்றம் அவர் தலையில் விழும். கூட்டி வந்த ஏஜென்ட் அப்போது போனை எடுக்கமாட்டார். எந்த விசாவானாலும் அது முடிந்தபின் ஒரு நாள்கூடத் தங்க வேண்டாம். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின்படி, காலம் கடந்து தங்கினால் மூன்று ஆண்டு வரை சிறையோ, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காலிலுள்ள காயத்தால் பயணம் செய்ய முடியாது என்றால், மருத்துவச் சான்றோடு விசா முடிவதற்கு முன்பே வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளர்தான் அந்த அலுவலர், உங்களுக்கு ஊட்டி.

திரும்பிப் போகும் டிக்கெட்டைக் குழு தருமா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். 2020 ஊரடங்கின்போது, கேரளத்தில் ஆட வந்திருந்த கானா வீரர் ஒருவர் ஊர் திரும்ப வழியில்லாமல் மும்பை விமான நிலையத்திலேயே இரண்டு மாதங்களுக்கு மேல் கிடந்தார். அப்போதைய மாநில அமைச்சர் ஆதித்ய தாக்கரே கவனத்துக்குப் போன பிறகுதான் அவருக்கு ஹோட்டல் அறை கிடைத்தது.

இனி ஃபிஃபா. அங்கீகரிக்கப்பட்ட கிளப்பில் முறையாகப் பதிவான வெளிநாட்டு வீரருக்கு அதன் விதிகள் நல்ல பாதுகாப்பு. இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால், 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீரரே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு இழப்பீடு கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் ஃபிஃபாவின் கால்பந்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். வீரருக்குக் கட்டணம் கிடையாது. விசா கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதுவதைக்கூட அந்த விதிகள் அனுமதிப்பதில்லை. தீர்ப்புப் பணத்தைக் கட்டாத கிளப் புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாது. ஈஸ்ட் பெங்கால், கேரளா பிளாஸ்டர்ஸ் போன்ற பெரிய கிளப்புகளே வெளிநாட்டு வீரர்களுக்கு வைத்த பாக்கியால் 2021-ல் இந்தத் தடையைச் சந்தித்தன.

ஆனால் உங்கள் தம்பிக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. அறுவடை முடிந்த வயலில் கேலரி கட்டி, விளக்குப் போட்டு ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் செவன்ஸ் ஆட்டம், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரத்துக்கு வெளியே நடப்பது. ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: அவர் பெயரில் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வாங்கி, ஏதாவது லீக் கிளப்பில் பதிவு செய்திருக்கிறார்களா? சில நேரம் அப்படிப் பதிவு செய்துவிட்டுச் செவன்ஸுக்கு அனுப்புவார்கள். அப்படியிருந்தால் அந்தக் கிளப் மீது ஃபிஃபாவுக்குப் போகலாம்.

இல்லையென்றால் நம் நீதிமன்றம்தான். வெளிநாட்டவர் இங்கே வழக்குப் போட முடியுமா என்று பலர் தயங்குகிறார்கள். நம்மோடு போரில் இல்லாத எந்த நாட்டவரும் போடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஊருக்குப் போய்விட்டாலும், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பி வழக்கை நடத்தலாம். காலக்கெடு மூன்று ஆண்டு.

“ஆடாவிட்டால் பணம் இல்லை” என்ற வரியில் ஒரு நுட்பம் இருக்கிறது. பேசியது ஆட்டத்துக்கு இவ்வளவு என்றால், ஆடிய ஆட்டங்களுக்கு மட்டுமே உறுதியாகக் கேட்கலாம். மாதச் சம்பளம் என்றால், அவர்கள் களத்தில் அடிபட்டவரை வெறுங்கையோடு விடும் அந்த நிபந்தனையையே எதிர்க்கலாம். பேரம் பேசும் வலு இல்லாதவர் மீது திணித்த அநியாய நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி செல்லாது என்று பிரஜநாத் கங்குலி வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அரசு நிறுவன ஊழியரின் வழக்கு. தனியார் குழுவுக்கும் பொருந்தும் என்று வாதாடித்தான் பெறவேண்டும். சுற்றுலா விசாவில் வந்திருந்தால் “ஒப்பந்தமே சட்டவிரோதம்” என்று குழு சொல்லும். உழைப்பின் பலனை அனுபவித்தவர் ஈடு தரவேண்டும் என்ற, அதே ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவை வைத்துப் பதில் சொல்லலாம். வெற்றி நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஒப்பந்த நகல் கையில் இல்லாவிட்டாலும் சோர்ந்துவிட வேண்டாம். அவர் படம் போட்ட ஃபிளெக்ஸ், மேலாளரின் வாட்ஸ்அப் குரல் பதிவுகள், கூகுள் பேயில் வந்த பழைய தொகைகள், மருத்துவமனைச் சீட்டு எல்லாமே சாட்சியம். போனை மாற்றாமல், எதையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். தொகை சிறியதென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுப்பதே என் யோசனை.

கடைசியாக உங்கள் நிலைமை. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும்; ‘சி படிவம்’ என்று சொல்வார்களே, அதுதான். “குழு பார்த்துக்கொள்ளும்” என்று விட்டிருந்தால் பொறுப்பு உங்களுடையதே. வாடகை பாக்கி இருந்தாலும் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்த உங்களுக்கு உரிமை இல்லை. பாக்கியைக் குழுவிடம் தனியாகக் கேளுங்கள். சி படிவம் பதியவில்லையென்றால், காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன் மூன்று பேருக்கும் இன்றே பதிந்துவிடுங்கள்.