எதிர்ப்புச் சக்திக்கும் கடிவாளம் உண்டு

எந்த நோய் வந்தாலும் "எதிர்ப்புச் சக்தி குறைவு" என்று ஒரே காரணத்தைச் சொல்லிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அந்தச் சக்தி அளவு மீறினாலும் நோய் வரும் என்பதை உயர்தர உயிரியலில் நிர்ப்பீடனப் பாடம் படித்தபோதுதான் நான் அறிந்தேன். எங்கள் குடும்பத்து ராத்தா ஒருவருக்குப் பெருங்குடல் அழற்சிப் புண் நோய் இருக்கிறது. ஆகவே எனக்கு அது பரீட்சைக்கான பாடம் மட்டுமல்ல.

நமது குடல் ஒரு விசித்திரமான இடம். அங்கே கோடானுகோடி பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் உண்ணும் ஒவ்வொரு பிடி சோற்றோடும் உடம்புக்கு அந்நியமான புரதங்கள் வந்து சேர்கின்றன. இவற்றை உள்ளே விடாமல் தடுப்பது ஒரேயொரு கலப்படை கொண்ட மேலணிதான். கண்டதையெல்லாம் பகையென்று வெண்குழியங்கள் தாக்கத் தொடங்கினால் குடலே புண்ணாகிவிடும். அப்படி நடக்காமல் அவற்றை அடக்கி வைப்பவை 'ஒழுங்காக்கும் ரி கலங்கள்'.

1995இல் ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி இக்கலங்களை இனங்காட்டினார். அதற்குச் சற்று முன்னர் பியோனா பவ்ரி என்ற பெண் விஞ்ஞானியும் சகாக்களும் செய்த பரிசோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சொந்தமாக நிணநீர்க்குழியங்கள் இல்லாத சுண்டெலிகளுக்கு, வேறு சுண்டெலிகளின் ரி கலங்களில் ஒரு வகையை மட்டும் செலுத்தினார்கள். சில வாரங்களில் பெருங்குடலில் கடும் அழற்சி உண்டானது. இன்னொரு வகையையும் சேர்த்துச் செலுத்தியபோது குடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒழுங்காக்கும் கலங்கள் இருந்தது அந்த இரண்டாம் வகைக்குள்தான்.

2001இல் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் பொக்ஸ்பி3 என்ற பரம்பரையலகைக் கண்டறிந்தனர். இது பழுதானால் ஒழுங்காக்கும் கலங்கள் சரியாக உருவாகா. அவ்வாறு பிறக்கும் ஆண் குழந்தைகள் கடும் வயிற்றோட்டத்தால் அவதிப்படுகிறார்கள். சகாகுச்சி உட்பட மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இக்கலங்கள் இன்ரலூக்கின் 10 என்ற பதார்த்தத்தைச் சுரந்து அழற்சியைத் தணிக்கின்றன. தாக்கும் கலங்கள் பெருகுவதற்குத் தேவையான இன்ரலூக்கின் 2ஐயும் தாமே உறிஞ்சிக்கொள்கின்றன. இன்ரலூக்கின் 10இன் கட்டளையை ஏற்கும் வாங்கி பழுதான குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சி வருகிறது.

அப்படியென்றால் ராத்தாவைப் போன்ற நோயாளிகளின் குடலில் இக்கலங்கள் இல்லாமற் போய்விட்டனவா? நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். ஆனால் புண்பட்ட குடலில் அவை பெரும்பாலும் கூடுதலாகவே காணப்படுகின்றன. தாக்கும் கலங்கள் அவற்றின் சொல்லுக்கு அடங்குவதில்லை என்பதே சிக்கல். இன்ரலூக்கின் 10ஐ ஊசியாகக் கொடுத்துப் பார்த்தும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். "சக்தி கூட்டும்" கசாயங்களும் மாவுகளும் ராத்தாவுக்கு எத்தனையோ பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள். சுகமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடச் சொன்னவர்களும் உண்டு. நிறுத்தினார்; மூன்று மாதத்தில் இரத்தப்போக்கு திரும்பி வந்தது. அழற்சி அடங்கியிருப்பது மருந்து அடக்கி வைத்திருப்பதாலும்தான். நார்ச்சத்தைப் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் பியூட்டிரேற்று, சுண்டெலிகளில் ஒழுங்காக்கும் கலங்களைப் பெருக்கியது உண்மைதான். ஆனால் நோய் முற்றியிருக்கும் நேரத்தில் நார்ச்சத்தைக் குறைக்கும்படி டொக்டர் சொல்வதும் உண்டு. கீரையைத் திணிக்குமுன் அவரிடம் கேளுங்கள். மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் வயிற்றோட்டம், காரணமின்றி மெலிதல் இவற்றை வெட்கத்தால் மறைக்கும் மாணவிகள் நம்மிடையே இருக்கக்கூடும், உம்மாவிடமாவது சொல்லிவிடுங்கள்.

நோயாளியின் குருதியிலிருந்தே ஒழுங்காக்கும் கலங்களைப் பிரித்து, வெளியே பெருக்கி, மீண்டும் உடம்புக்குள் செலுத்தும் சிகிச்சை குறோன்ஸ் நோயாளிகளிடம் பரீட்சிக்கப்பட்டு வருகிறது. செலுத்திய கலங்கள் குடலைத் தேடிப் போக வேண்டும். போனபின் அங்கே அடங்காத கலங்களை அடக்கவும் வேண்டும். ஆய்வாளர்கள் இப்போது போராடுவது இந்த இரண்டோடும்தான்.