பழுப்புக் கிளிக்கு யார் சொந்தம்?

நம்பிக்கை: அலகையும் நிறத்தையும் பார்த்தாலே ஒரு கிளியின் வம்சத்தைச் சொல்லிவிடலாம்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள ரியூனியன் தீவில் ஒரு காலத்தில் மஸ்கரீன் கிளி வாழ்ந்தது. பழுப்பு உடல், சாம்பல் தலை, கறுப்பு முகம், பெரிய சிவப்பு அலகு. அது அற்றுப்போய் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. மிஞ்சியவை பாடம் செய்த இரண்டே உடல்கள். ஒன்று பாரிஸில், மற்றொன்று வியன்னாவில். மங்கிய உடல் நிறம் மடகாஸ்கரின் வாசா கிளிகளை நினைவூட்டியது. சிவப்பு அலகிலோ நம் ஊர்ப் பச்சைக்கிளி வகையறாவின் ஜாடை. எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் பறவையியலாளர்களுக்குள் நெடுங்காலம் வழக்கு. 2007இல் ஜூலியன் ஹியூம் உடலமைப்பை ஆராய்ந்து பச்சைக்கிளிகளின் பக்கம் தீர்ப்பு எழுதினார்.

நம்பிக்கை: டி.என்.ஏ. சொல்லிவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

இதே கிளியே இதற்கும் பதில். 2012இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று ஹியூமுக்கு எதிர்ப்பக்கம் நின்றது: மஸ்கரீன் கிளி வாசா கிளிகளின் கிளையிலேயே முளைத்தது என்றது. வழக்கு முடிந்ததாகவே பலரும் நினைத்தார்கள். 2017இல் வேறொரு குழு வியன்னாவில் உள்ள உடலிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தது. விடை நேர்மாறாக வந்தது. அது பச்சைக்கிளிகளின் நெருங்கிய சொந்தம்! முந்தைய ஆய்வில் வேறு கிளியின் டி.என்.ஏ. கலந்திருக்கக்கூடும் என்றும் அக்குழு சுட்டிக்காட்டியது.

இப்படிக் கலப்பது அபூர்வமல்ல. இருநூறு ஆண்டுப் பழைய தோலில் டி.என்.ஏ. பொடிந்த ஏட்டுச்சுவடிபோல் துண்டு துண்டாகவே கிடைக்கும். அதைப் பல படி பெருக்கித்தான் வாசிக்க வேண்டும். அருகில் இருந்த புதிய மாதிரி ஒன்றின் தூசு விழுந்தாலும் போதும். பெருக்கத்தில் அதுவே முந்திக்கொள்ளும். அதனால்தான் பழைய மாதிரிகளுக்கென்றே தனி ஆய்வறை, தனிக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். ஒரே முடிவை வேறொரு குழு சோதிக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

நம்பிக்கை: தீவுப் பறவை பக்கத்து நிலத்திலிருந்தே வந்திருக்கும்.

மஸ்கரீன் கிளிக்கே இது பொருந்தவில்லை. மொரீஷியஸில் இன்றும் பறக்கும் எக்கோ கிளியும் நம் தென்னந்தோப்புகளில் கத்தும் செந்தார்ப் பைங்கிளியின் உறவு. அற்றுப்போன செஷல்ஸ் கிளிக்கு நெருங்கிய சொந்தம், இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள பெரிய பைங்கிளி. மடகாஸ்கர் அருகிலிருக்க, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி எப்படி வந்தன? பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோது, இப்போது மூழ்கிக் கிடக்கும் கடலடி மேடுகள் வழிநெடுகத் தீவுகளாகத் தலைதூக்கியிருந்தன. அவற்றில் தங்கித் தங்கி வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

செந்தார்ப் பைங்கிளியும் இன்று மொரீஷியஸில் உண்டு. அது இந்த வழியில் வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனிதர்கள் கொண்டுவந்து விட்டது.

நம்பிக்கை: சிறு தீவில் அடைபட்ட கூட்டத்தின் மரபணுக்கள் கெட்டுக்கொண்டேதான் போகும்.

நியூசிலாந்தின் ககாபோ பறக்கத் தெரியாத, இரவில் நடமாடும் பெருங்கிளி. 1995இல் மொத்தமே 51 தான் இருந்தன. ஏறத்தாழ எல்லாம் தெற்கே உள்ள ஸ்டூவர்ட் தீவின் வழிவந்தவை. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறியபோது பெருநிலத்திலிருந்து பிரிந்த கூட்டம் அது. 2021இல் வெளியான ஆய்வில் 49 ககாபோக்களின் முழு மரபணுத்தொகுதிகள் ஒப்பிடப்பட்டன: 36 ஸ்டூவர்ட் தீவினுடையவை, 13 இன்று அழிந்துவிட்ட பெருநிலக் கூட்டத்தினுடையவை. தீவுப் பறவைகளில் தீங்கான பிறழ்வுகள் ஏறக்குறையப் பாதிதான்! காரணம் கொஞ்சம் கொடூரமானது. நெருங்கிய உறவுக்குள் இணையும்போது ஒளிந்திருந்த கெட்ட மரபணு இரு பக்கமும் சேர்ந்து வெளிப்படும்; அதைச் சுமந்த குஞ்சு பிழைக்காது. தலைமுறை தலைமுறையாக இப்படிச் சாகச் சாகக் கூட்டம் சலிக்கப்பட்டுவிட்டது.

இதை வைத்து உட்கலப்பு நல்லது என்று யாராவது கிளம்பினால் தவறு. ககாபோ முட்டைகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு கருவுறாமலே போகின்றன. மரபணு வகைமை குறைந்திருப்பதும் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 1975இல் பெருநிலத்தின் ஃபியோர்ட்லாந்தில் பிடிபட்ட ரிச்சர்ட் ஹென்றி என்ற ஆண் ககாபோ இங்கேதான் முக்கியமாகிறது. அக்கூட்டத்திலிருந்து வாரிசு விட்டுச்சென்றது அது ஒன்றுதான். ஸ்டூவர்ட் தீவுப் பறவைகளிடம் இல்லாத மரபணு வகைகள் அதன் வாரிசுகளிடம் உண்டு. பெருநிலத்தின் கூடுதல் தீய பிறழ்வுகளும் அவற்றோடு வரக்கூடும். இரண்டையும் எடைபோட்டுத்தான் அந்த வாரிசுகளை எந்தத் தீவில், யாரோடு சேர்ப்பது என்று பாதுகாவலர்கள் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.