அலை பிரித்த மணல்

தூரத்தில் நின்று பார்த்தால் திருவான்மியூர்க் கடற்கரை மணல் ஒரே நிறம். அலை வந்து போகும் விளிம்பில் குனிந்து பாருங்கள். வெளிர் மணலின் மேல் கறுப்பும் கருஞ்சிவப்புமாக இழைகள் ஓடும், சில நாள் கூர் கூரான நாக்குகளாக, சில நாள் நீண்ட வளைவுகளாக. கறுப்பு, இல்மனைட்டும் மேக்னடைட்டும். சிவப்பு, கார்னெட். குவார்ட்ஸ் மணல் தண்ணீரைவிட ஏறத்தாழ 2.65 மடங்கு அடர்த்தி என்றால், இல்மனைட் 4.7 மடங்கு. திரும்பிப் போகும் அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு போகிறது, கனமானது தங்கிவிடுகிறது. ஒவ்வோர் அலையும் ஒரு கோட்டை அழித்து இன்னொன்றைப் போடுகிறது. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நான் அதிகம் படமெடுத்தது இந்தக் கோடுகளைத்தான்.

இவற்றை நான் எடுப்பது அரூபப் படங்களாக. அரூபப் படம் என்றால் கேமராவை ஆட்டியோ குவியத்தைக் கலைத்தோ எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நாட்டமில்லை. மணல்துகள் ஒவ்வொன்றும் தெரியும்படி துல்லியமாகவே எடுக்க வேண்டும். அளவைக் காட்டிக்கொடுக்கும் பொருள்களை மட்டும் படத்துக்கு வெளியே தள்ள வேண்டும். ஒரு கிளிஞ்சல், ஒரு கால்தடம், ஒரு தீக்குச்சி இருந்தால் போதும், இது ஒரு சாண் மணல் என்று கண் கணக்குப் போட்டுவிடும். தொடுவானமும் வேண்டாம். இவை எல்லாம் விலகியபின் அதே ஒரு சாண் மணல், விமானத்திலிருந்து எடுத்த ஆற்றுக் கழிமுகமாகத் தெரியும். அப்படித் தெரிவதில் பொய் எதுவும் இல்லை. ஓதம் இறங்கியபின் மணலுக்குள்ளிருந்து கசியும் நீர், சரிவில் கிளை கிளையாக மண்ணை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. பெரிய ஆறும் தன் பாதையை அறுப்பது இப்படித்தான்.

நேரம் பார்க்க எனக்கு நாள்காட்டி போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகம் இறங்கும், ஈர மணல் அகலமாகக் கிடைக்கும். ஓதம் இறங்கும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அது சூரிய உதயத்தோடு கூடிவரும் காலைகளை விடாதீர்கள். நமக்குக் கடல் கிழக்கே என்பதால் முதல் ஒளி மணலோடு படுத்து வருகிறது, நெல்மணி உயர மேடுகூட நிழல் போடும். வெயில் ஏறியதும் மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். அப்போது நிறக் கோடுகளை மட்டும் எடுக்கலாம்.

கைபேசியே போதும். அதை மணலுக்கு நேர் மேலே, மணலின் சரிவுக்கு இணையாகப் பிடியுங்கள். சாய்த்தால் தூரம் கிட்டம் என்ற உணர்வு வந்து, படம் மறுபடி கடற்கரைக் காட்சியாகிவிடும். சூரியனைப் பார்த்தபடி நின்றால் உங்கள் நிழல் பின்னால் விழும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டி, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேமரா கருமணலைச் சாம்பல் நிறமாக்கிவிடும்.

ஆனால் பொறுமை வேண்டியது சட்டகத்தின் நான்கு ஓரங்களில். ஒரு கோடு எங்கே உள்ளே வருகிறது, எங்கே வெளியேறுகிறது, மூலையில் போய் முட்டுகிறதா, இரண்டு கறுப்புத் திட்டுகளுக்கு நடுவே விட்ட வெளிர் இடம் மூச்சுவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு விரற்கடை நகர்ந்தால் படம் வேறு. இதை எனக்குக் கற்றுத்தந்தவை கேமரா பற்றிய புத்தகங்கள் அல்ல, ஓவியங்கள். இதே கடலோரத்தில், ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும் 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. அங்கே போய் ஓர் ஓவியத்தின் நடுவை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் சுற்றிவந்து பாருங்கள். அங்கு தொடங்கிய ஓவியர்களுள் ஒருவரான விஸ்வநாதன், பின்னாளில் இந்தியக் கடலோரமாகப் பயணம் செய்து மணல் சேகரித்தார், மணலைப் பற்றியே திரைப்படமும் எடுத்தார். அரூப ஓவியர் ஒருவரை மணல் அவ்வளவு தூரம் இழுத்துப்போனதில் எனக்கு வியப்பே இல்லை.

கடல் இல்லாத ஊர்களில்? கொய்யா மரத்தைப் பாருங்கள். பட்டை உரிந்த இடத்தில் பச்சை, காவி, சாம்பல் திட்டுகள், மழை நின்ற கையோடு போனால் நிறம் இன்னும் ஆழம். கோடையில் வற்றும் ஏரியின் களிமண் முதல் தடவை காய்ந்து வெடிக்கும்போது விரிசல்கள் பெரும்பாலும் செங்கோணத்தில் சந்திக்கும். நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்தால் அந்தக் கோணம் 120 பாகையை நெருங்கும், கட்டங்கள் அறுகோணமாகும். ஒரே ஏரியில் இரண்டையும் தேடலாம். உச்சி வெயில் வீணில்லை, வாழையிலைக்கு அடியில் நின்று மேலே பார்த்து எடுக்க அதுதான் நேரம். அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம் இன்றும் உலகம் பார்க்கிற படம். வீட்டை விட்டுக் கிளம்ப முடியாத நாளில் அடுப்படிக் கூடையிலிருந்தே தொடங்கலாம்.

மணலுக்குத் திரும்பினால், ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரைகளில் ஏறி முட்டையிடுகின்றன. அவை ஊர்ந்த தடம், இரு பக்கமும் துடுப்புக் கால்களின் அடிகள் வரிசையாக விழுந்து, மேட்டை நோக்கி ஏறிப் போகும். அதைவிட அழகான கோட்டை நான் அந்த மணலில் கண்டதில்லை. எடுங்கள், ஆனால் தடத்தின் மேல் நடக்காமல் பக்கவாட்டில் நின்று எடுங்கள். முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்ற இரவெல்லாம் நடந்துவரும் தன்னார்வலர்கள் அந்தத் தடத்தை வைத்துத்தான் கூட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆமையே எதிரில் வந்தால் பிளாஷும் வேண்டாம், கைபேசி விளக்கும் வேண்டாம்.