வலி மாத்திரை மறதி நோயைத் தடுக்குமா?

பால்மரம் சீவும் தொழிலில் ஈடுபட்டோர்க்கு முதுகு வலியும் மூட்டு வலியும் புதியவை அல்ல. விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளியைச் சுமந்து திரும்புவோர் வலி தணிய மாத்திரை விழுங்குவது நாம் அன்றாடம் காணும் காட்சியாகும். அத்தகைய மாத்திரைகள் சில மூளையையும் காத்து, முதுமையில் வரும் மறதி நோயைத் தடுக்கும் என்றொரு கருத்து உண்டு. அதில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை ஆராய்வோம்.

மறதியும் மறதி நோயும்

வயதானோர் சாவியை வைத்த இடத்தை மறப்பது இயல்பு. ஆனால், பழகிய பாதையில் வழி தெரியாமல் திகைப்பதும், பெற்ற பிள்ளையை அடையாளம் காணாததும் நோயின் அறிகுறிகளாகும். மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். இந்நோயாளிகளின் மூளையில் சிலவகைப் புரதங்கள் படிகின்றன, அழற்சியும் காணப்படுகிறது.

நம்பிக்கை பிறந்த விதம்

ஆஸ்பிரின், ஐபுபுரோபன் முதலிய மாத்திரைகள் வலியோடு அழற்சியையும் தணிப்பவை. ஆகவே, அவை மூளைக்கும் நன்மை செய்யக்கூடும் என விஞ்ஞானிகள் எண்ணினர். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் 55 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 7,000 பேரிடையே நடத்தப்பெற்ற ஆய்வு 2001-இல் வெளிவந்தது. ஈராண்டுகளுக்கு மேல் இவ்வகை மாத்திரைகளை உட்கொண்டோரிடையே அல்சைமர் நோய் குறைவாக இருந்ததென அது கூறிற்று.

ஆயினும், இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. உரமிட்ட நிரையில் பால் மிகுதியாக வடிந்தால், உரமே காரணம் என உடனே கூறிவிட முடியுமா? அங்குள்ள மண் நல்லதாக இருக்கலாம். மரம் உயர்ந்த இனமாக இருக்கலாம். ஒரே நிலத்தில், ஒரே வயது மரங்களுள் பாதிக்கு உரமிட்டு, மீதியை விட்டுப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். மருந்துக்கும் அத்தகைய சோதனையே உரைகல்லாகும்.

சோதனையில் கண்ட உண்மை

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியோர் அத்தகைய சோதனையில் பங்கு கொண்டனர். ஒரு சாராருக்கு நாள்தோறும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரினும், மற்றவர்க்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வழங்கப்பட்டன. 2018-இல் முடிவு வெளியாயிற்று. ஆஸ்பிரின் மறதி நோயைக் குறைக்கவில்லை. மாறாக, போலி மாத்திரை உண்டோருள் ஆயிரத்துக்கு 28 பேருக்குக் கடும் இரத்தக்கசிவு ஏற்பட்டிருக்க, ஆஸ்பிரின் உண்டோருள் 38 பேருக்கு அது ஏற்பட்டது. முன்னரே, நேப்ராக்சன், செலிகாக்சிப் என்னும் இரு மருந்துகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த சோதனையும் பயன் காட்டவில்லை.

2025-இல் ரோட்டர்டாமிலிருந்து வந்த புதிய ஆய்வு, நெடுங்காலம் இம்மாத்திரைகளை உண்டோரிடையே நோய் சற்றுக் குறைவு என்கிறது. எனினும், அதுவும் கவனித்து அறிந்ததேயன்றிச் சோதித்து அறிந்ததன்று.

நாம் செய்ய வேண்டுவன

மறதி வராதிருக்க வேண்டுமென்று வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்காதீர்கள். இவை இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். மலம் கரிய நிறமாகக் கழிந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். டிங்கிக் காய்ச்சலோ என ஐயம் எழுந்தால் ஆஸ்பிரினும் ஐபுபுரோபனும் கூடவே கூடா. அவை இரத்தக்கசிவை மிகுவிக்கும். அதே வேளையில், இதய நோய்க்கோ பக்கவாதத்துக்கோ மருத்துவர் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால், அவரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

மூளையைக் காக்கும் வழிகள் வேறு உள்ளன. இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுக்குள் வைத்தல், புகைபிடித்தலைக் கைவிடுதல், மதுவைத் தவிர்த்தல், காது மந்தமானால் சிகிச்சை பெறுதல், உடற்பயிற்சி செய்தல், பிறரோடு கலந்து பழகுதல் ஆகியவை அவற்றுள் சில. இத்தகைய 14 காரணங்களைச் சீர்செய்தால், உலகில் மறதி நோயாளிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பேருக்கு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு தெரிவித்தது.

வீட்டிலுள்ள பெரியவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், “வயதாகிவிட்டது” என்று ஒதுக்கிவிடாதீர்கள், கடிந்து பேசாதீர்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் உடன் கொண்டு சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். நம்மை வளர்த்தோர்க்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.