அறிவாளி அரசரின் கல்லில் எழுத்துப்பிழை!



கல்வெட்டில் இருப்பதெல்லாம் உண்மைதானா? நான் படிச்ச ஒரு கல்லைப் பற்றிச் சொல்றேன்.

பிரிட்டனில், வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஆங்கில்சி தீவில் லான்காட்வலாடர் என்று ஓர் ஊர். அங்குள்ள தேவாலயச் சுவரில் 7-ஆம் நூற்றாண்டு நினைவுக்கல் ஒன்று பதிச்சிருக்கு. அதில் லத்தீன் மொழியில் இப்படி வெட்டியிருக்காங்க:

"கட்டமானுஸ் ரெக்ஸ் சபியென்டிசிமுஸ் ஒபினாடிசிமுஸ் ஓம்னியும் ரெகும்"

பொருள்: கட்டமானுஸ் அரசர், எல்லா அரசர்களிலும் மிகுந்த அறிவாளி, மிகுந்த புகழுடையவர்.

இவர்தான் குவினெட் நாட்டை ஆண்ட காட்வன். சுமார் 625-ல் இறந்தார். பேரன் காட்வலாடர் பெயரில்தான் அந்த ஊரும் தேவாலயமும் இருக்கு.

இப்போ வேடிக்கையைப் பாருங்க! 'மிகுந்த' என்பதற்கு லத்தீனில் 'இஸ்ஸிமுஸ்' என்று விகுதி வரும். அதில் 'எஸ்' எழுத்து இரண்டு வரணும். கல்லிலோ ஒண்ணுதான் இருக்கு. அதுவும் இரண்டு சொல்லிலும்! அறிவாளி என்ற சொல்லிலேயே எழுத்துப்பிழை!

காட்வன் நிஜமாகவே அறிவாளியா? கல்லை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. புகழ்ச்சி வேறு, சாட்சி வேறு. ஆனால் அந்தக் கல் பொய் சொல்லாத விஷயமும் உண்டு. ரோமர் ஆட்சி 410 வாக்கில் முடிஞ்சு 200 வருஷம் ஆன பிறகும் அங்கே லத்தீனுக்கு மதிப்பு இருந்திருக்கு. பெரிய எழுத்தோடு ஏட்டில் எழுதும் கையெழுத்து வடிவமும் கலந்திருப்பதால், ஏடு எழுதும் பழக்கமும் இருந்திருக்கு.

எனவே நண்பர்களே, கல்வெட்டு என்ன சொல்லுது என்பதோடு, எப்படி எழுதியிருக்கு என்றும் பாருங்கள்!