படித்தது எத்தனை ஆண்டு? விசா பாரத்தில் சரியாக எழுதுவோம்

நான் பொறியியல் மாணவன், கோலா பிலா தோட்டப்புறத்தில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, கிரெடிட் விலக்கோடு டிகிரியில் நேராக இரண்டாம் ஆண்டு சேர்கிறார்கள். பிறகு ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கும்போது, "அண்ணே, மூணு வருசமா, நாலு வருசமா? எதைப் போடுறது?" என்று கேட்கிறார்கள். அதற்கான பாடம்தான் இது.

1. புள்ளி எதற்குக் கிடைக்கிறது?

ஆஸ்திரேலியத் திறனாளர் விசாவுக்குக் குறைந்தது 65 புள்ளி வேண்டும். கல்விக்கு: டிப்ளோமா 10, இளங்கலை அல்லது முதுகலை 15, முனைவர் பட்டம் 20. கவனியுங்கள்: புள்ளி பட்டத்தின் தரத்துக்குத்தான். மூன்றாண்டு இளங்கலைக்கும் 15, நான்காண்டு இளங்கலைக்கும் 15. ஆக, ஓர் ஆண்டைக் கூட்டி எழுதினால் கிடைக்கும் லாபம் பூஜ்யம்.

2. தேதியை எப்படி எழுதுவது?

எடுத்துக்காட்டு: ஒருவர் 2019 முதல் 2022 வரை டிப்ளோமா, 2022 முதல் 2025 வரை டிகிரி படித்தார். இரண்டையும் தனித்தனி வரியில் எழுத வேண்டும். டிகிரிக்கு அவர் படித்தது மூன்று ஆண்டு. "கோர்ஸ் நாலு வருசம்தானே" என்று தொடக்கத் தேதியை 2021க்கு இழுக்கக் கூடாது. டிரான்ஸ்கிரிப்ட் காட்டிக் கொடுத்துவிடும். விளக்கம் கேட்டால், "நான்காண்டுப் பாடத்திட்டம், கிரெடிட் விலக்கால் மூன்றாண்டில் முடித்தேன்" என்று எழுதி, விலக்குக் கடிதத்தை இணையுங்கள். எஸ்.டி.பி.எம், மெட்ரிகுலேஷன், பவுண்டேஷன் ஆகியவை டிகிரி ஆண்டுகளில் சேராது. முடித்த தேதி என்பது பாடத் தேவைகள் நிறைவேறிய நாள், பட்டமளிப்பு விழா நாள் அல்ல.

3. 2+1, 3+0 படித்தவர்கள்

ஆஸ்திரேலியாவில் படித்ததற்குத் தனியாக 5 புள்ளி உண்டு. அதற்கு அங்குப் பதிவுபெற்ற கோர்ஸில் இரண்டு கல்வியாண்டு, அதாவது 92 வாரம், படித்திருக்க வேண்டும். குறைந்தது 16 மாதம் அந்த நாட்டிலேயே இருந்து படித்திருக்கவும் வேண்டும். பட்டத்தில் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும், 3+0 முழுக்க மலேசியாவில் நடப்பதால் இந்த 5 கிடைக்காது. 2+1இல் அங்குப் படிக்கும் ஓர் ஆண்டு மட்டும் போதாது.

4. ஆண்டு எங்கே முக்கியம்?

பொறியியல் தகுதி மதிப்பீட்டில். மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அதன்கீழ் அங்கீகாரம் பெற்ற நான்காண்டுப் பட்டம் 'தொழில்முறைப் பொறியாளர்' நிலைக்கு ஏற்கப்படும். பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்துக்கான சிட்னி உடன்படிக்கை வேறு. உங்கள் கோர்ஸ் எந்தப் பட்டியலில், எந்த ஆண்டில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கனடாவில் முறை வேறு. தனியாக விண்ணப்பிப்பவருக்கு ஓராண்டுப் படிப்புக்கு 90, ஈராண்டுக்கு 98, மூன்றாண்டு அல்லது அதற்கு மேல் 120. அங்கு உங்கள் கணக்கை அல்ல, கல்வி மதிப்பீட்டு அறிக்கை சொல்வதையே எழுத வேண்டும்.

5. தவறாக எழுதினால்?

ஆஸ்திரேலியச் சட்டத்தில் 4020 என்ற விதி உண்டு. பொய்த் தகவலோ போலி ஆவணமோ கொடுத்தால் விசா மறுக்கப்படும். மூன்று ஆண்டுக்கு அந்த விதிக்கு உட்பட்ட வேறு விசாவும் கிடைக்காது. முப்பது வயதில் மாட்டினால், திரும்ப விண்ணப்பிக்கும்போது வயது 33. வயதுப் புள்ளி 30இலிருந்து 25 ஆகிவிடும். "ஏஜெண்ட்தான் எழுதினார்" என்பது பதிலாகாது, பெயர் உங்களுடையது. பால்மரம் வெட்டிச் சேர்த்த அப்பா அம்மா காசு அந்தக் கட்டணத்தில் இருக்கிறது.

பயிற்சி: இந்த வாரமே டிரான்ஸ்கிரிப்ட், விலக்குக் கடிதம், கோர்ஸ் முடித்த கடிதம் மூன்றையும் பக்கத்தில் வைத்து, உங்கள் படிப்பை ஆண்டு, மாதத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று ஆவணமும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பாரத்தைத் தொடும் முன் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் போய்க் கேளுங்கள்.